காணாக்கடிக்கு ஒரு மனு

என் உடம்பில் தடிப்பு எழும்பத் தொடங்கிய நாளிலிருந்தே குற்றவாளி யார் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. நிரூபிப்பது மட்டும்தான் பாக்கி. இப்போது உடம்பு ஓரளவு அடங்கியிருக்கிறது, எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதே அரிப்போடு அலைகிறவர்கள் எங்கள் போடியிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களும் என்னைப் போல யாரையாவது பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருப்பார்கள். நீட்டிய கையை மடக்குவது எவ்வளவு சிரமம் என்று சொல்லத்தான் இது.

நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். கடைசியாக மனுப் பிரிவில் கண்காணிப்பாளர். ஒரு மனு எந்த மேசையில் தூங்கும், யாருக்கு நகல் போட்டால் விழிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், வந்தவர் அழுதாலும் திருப்பி அனுப்புவேன். அந்தக் கண்டிப்புக்கு அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அது இங்கே வேண்டாம்.

ஓய்வு பெற்றபின் என் மச்சினன் சன்னாசியின் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரத் தொடங்கினேன். என் மனைவி ராஜாத்திக்கு அவன் ஒரே தம்பி. குரங்கணிக்கு மேலே, ஜீப் மட்டும் ஏறும் பாதையில் அவன் தோட்டமும், பறித்த பச்சைக்காயை உலர்த்தும் ஸ்டோரும் இருக்கின்றன. ஆள் வருகையையும் பூச்சிமருந்துக் கையிருப்பையும் ஒழுங்காக எழுதிவைக்க ஆள் வேண்டும் என்றான். வியாழக்கிழமை காலை ஏறுவேன், ஞாயிற்றுக்கிழமை இறங்குவேன்.

அங்கேதான், ஸ்டோரின் வெக்கையில் நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம், முதல் தடிப்பு வந்தது. கொசு கடித்ததுபோல ஆரம்பித்து, பெருவிரல் அகலமாகி, பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்து ஒரு தீவுபோல் ஆனது. வேட்டி இறுக்கும் இடுப்பில், கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில், உள்ளங்காலில். சொறிந்தால் இன்னும் பரவும். சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் மறையும், வேறு இடத்தில் எழும்பும். வைத்தியரிடம் காட்டப் போனால் தோல் வழவழவென்று இருக்கும். எங்கள் பக்கம் இதற்குக் காணாக்கடி என்று பெயர். கடித்தது எது என்று கண்ணால் காண முடியாததால் அந்தப் பெயர். கடித்தது எது என்று எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன்.

சன்னாசி அன்றைக்கே போடிக்கு இறங்கி, மருந்துக்கடையில் சொல்லி, ஒரு காகிதக் கவர் வாங்கிவந்தான். உள்ளே ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை. மஞ்சளில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று, வெள்ளையில் பொடிசாக ஒன்று. போட்ட மறுநாள் தடிப்பு இருந்த இடம் தெரியவில்லை. அதன்பிறகு ராஜாத்தி பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். தீரத் தீர அதே கடையில் அதே கவர். காலையில் காபி டம்ளரோடு மூன்று மாத்திரையும் என் உள்ளங்கைக்கு வந்துவிடும். மலையில் தங்கும் நாட்களில் வராது. அங்கே எடுத்துக்கொடுக்க ஆளில்லை, எனக்காக நான் எடுத்துப்போகும் பழக்கமும் இல்லை. இதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

நான் வைத்தது ஒரு பதிவேடு. தேதி, இடம், நேரம், தடிப்பின் எண்ணிக்கை, சாப்பாடு, காற்று எந்தத் திசை என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, சந்தேகம். நான்கு மாதம் எழுதினேன். ஒழுங்கு கண்ணைப் பறித்தது. வீட்டில் இருக்கும் நாட்களில் தடிப்பு இல்லை. வியாழன் மலையேறினால் அன்று இல்லை. வெள்ளி மாலை ஐந்தாறு. சனிக்கிழமை எண்ண முடியாது. ஞாயிறு இறங்கி, திங்கள் மதியத்துக்குள் அடங்கும். விஷம் உடம்பில் சேர ஒரு நாள், வெளியேற ஒரு நாள் என்று முடிவு கட்டினேன். சந்தேகம் என்ற கட்டத்தில் நூற்றுக்கு நூறு ஒரே பதில்தான்: சன்னாசி ஸ்டோர்.

தடை செய்த மருந்தை எவனோ எல்லைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்து கொடுக்கிறான், இவன் அடிக்கிறான், காய் உலரும்போது அது புகையாகக் கிளம்புகிறது. இதுதான் என் வழக்கு. கையிருப்புப் புத்தகத்தில் அப்படி ஒரு மருந்து இல்லையே என்றால், அதை எழுதியவன் நானே. எனக்குத் தெரியாமல் அடிக்கிறான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எதற்கு என்று கேட்டுக்கொண்டேன். ஒருமுறை அவனிடம் நேரில் கேட்டேன். டப்பா எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவைத்து, படித்துக்கொள்ளச் சொன்னான். இவ்வளவு தயாராக எடுத்துவைக்கிறானே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

மனு நான்கு பக்கம். பதிவேட்டின் நகல் இணைப்பு. மூன்று அலுவலகங்களுக்கு நகல். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். என் மனு தூங்குமா? பத்தே நாளில் சன்னாசிக்கு அறிவிப்பு போனது. ஸ்டோர் ஆய்வு செய்யப்படும், மாதிரி எடுக்கப்படும், ஆய்வு அலுவலருக்குத் தேவை என்று தோன்றினால் முடிவு வரும்வரை ஸ்டோர் மூடிவைக்கப்படும். ஆய்வுத் தேதி விழுந்தது இரண்டு மாதம் தள்ளி, பறிப்புக் காலத்தின் நடுவில். பறித்த காய் உடனே உலர்த்தப் போகவில்லையென்றால் நிறம் போய்ப் பூசணம் பூத்துவிடும். ஸ்டோரை மூடினால் அந்த வருடமே மூடியதுதான். சன்னாசிக்கு அது ஒன்றுதான் பிழைப்பு. இதெல்லாம் தெரிந்தேதான் எழுதினேன்.

ராஜாத்தி சத்தம் போடவில்லை. பையில் நாலு சேலையை வைத்தாள்.

“ஒங்களுக்கு மனு எழுதுற சோலி இருக்கு. எனக்கு எங்க தம்பி வீட்டுல சோலி இருக்கு. காப்பி போட்டுக்கிருவீகள்ல?”

போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில், சொந்த வீட்டில், ஏலக்காய் வாசமே இல்லாத அடுப்படியில், என் மேலுதடு வீங்கியது. ஒரு மணி நேரத்தில் கண் இமை. பிறகு நாக்கு வாய்க்குள் தடித்து, பேச்சு குழறியது. பக்கத்து வீட்டுக்காரர் ராஜாத்திக்குப் போன் போட்டார். வந்தது சன்னாசி, ஜீப்போடு. போடி அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு, நாக்கு வீங்கியிருக்கிறது, தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

ஜீப்பில் ஏறியதும் ஏலக்காய் வாசம். நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். சன்னாசி கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

“நல்லாப் பொத்திக்கங்க மச்சான். லோடு எறக்கி ரெண்டு நாளுதான் ஆச்சு. வழியில ஒண்ணுன்னா அதுக்கும் நாந்தான பதில் சொல்லணும்.”

பின் இருக்கையில் ராஜாத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

மருத்துவமனையில் ஐந்து நாள். ஓய்வூதியர் காப்பீட்டுக்கு முன்அனுமதி வாங்க எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று நான் தாளில் எழுதிக் காட்டி, அந்த மேசைப் பெண்ணைத் திணறடித்தேன். நாக்கு வீக்கம் ஊசியில் மறுநாளே வடிந்தது. தடிப்பு மட்டும் வந்து வந்து போயிற்று. இரவில் வார்டு விளக்கை அணைத்தபின் அரிப்பு எழும்பும். ராஜாத்தி ஈரத்துண்டை மடித்து முதுகில் வைப்பாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் பேச ஆரம்பித்தால் துண்டை எடுத்துவிடுவாள்.

முதல் நாள் ரத்தம் எடுக்க வந்த செவிலியர் குழாய்களை நிரப்பிவிட்டு, பெயர்ச்சீட்டை அப்புறம் ஒட்டப் போனார். முதலில் சீட்டு, பிறகு ரத்தம் என்று நான் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுபடி எடுக்க வைத்தேன்.

“இத்தன வருசத்துல இப்பிடி யாரும் கேட்டதில்லைங்கய்யா,” என்றார்.

யாரும் கேட்காததுதான் எனக்குக் கவலை என்று எழுதினேன்.

தோல் மருத்துவர் என் மகள் வயதுப் பெண். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தடிப்பு என்றார். தோலுக்கு அடியில் சில அணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை மூட்டை கட்டி வைத்திருக்கின்றன. மூட்டை அவிழ்ந்தால் அந்த இடம் தடிக்கும், அரிக்கும். கேள்வி, அவிழ்ப்பது யார் என்பது. ஏலக்காய், பூச்சிமருந்து, ஸ்டோர் என்று நான் அடுக்கினேன். அவர் குறித்துக்கொண்டார், மறுக்கவில்லை. வெளியிலிருந்து எதுவுமே வராமல், உடம்பு தன்னையே எதிரியாக நினைத்து உண்டாக்கும் ஆன்டிபாடிகளும் அந்த மூட்டையை அவிழ்க்கலாம் என்றார். அதை ரத்தத்தில் சில அடையாளங்களை வைத்து ஊகிக்கலாமாம்.

அடையாளங்கள் இவை. ஐஜிஇ என்பது, வெளிப்பொருள் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் ஒரு புரதம். தன்னைத்தானே தாக்கும் வகைத் தடிப்பில் அது பலருக்குக் குறைந்து கிடக்கும். ஆன்டி டிபிஓ என்பது தைராய்டு சுரப்பிக்கு எதிரான ஆன்டிபாடி. தைராய்டு நன்றாக வேலை செய்தாலும் அது கூடியிருந்தால், இந்த உடம்பு சொந்த உறுப்பின்மேல் கை வைக்கிற உடம்பு என்று பொருள். மூன்றாவது, சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே தெரியும் இரண்டு வகை வெள்ளை அணுக்கள், ஈசினோஃபில், பேசோஃபில். இந்த வகைத் தடிப்பில் அவையும் குறையும்.

என் சீட்டில் ஐஜிஇ அடிமட்டத்தில் இருந்தது. ஆன்டி டிபிஓ உச்சத்தில். அணுக்கள் இரண்டும் பூஜ்யம்.

நான் நம்பவில்லை. வேறொரு பரிசோதனைக் கூடத்துக்கும் ரத்தம் அனுப்பச் சொன்னேன். அதே பதில் வந்தது. இரண்டு கூடமும் ஒரே முதலாளியுடையதா என்று விசாரித்தேன். இல்லை. அன்று மாலை கைபேசி வழியாகவே ஆய்வு அலுவலகத்துக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன், தேதி தள்ளிப்போகக் கூடாதென்று. என்னை ஜீப்பில் கொண்டுவந்து சேர்த்தவன் கீழே தேநீர்க்கடையில் நின்றிருந்தான். ஜன்னல் வழியாகத் தெரிந்தான்.

மறுநாள் மருத்துவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் பார்வைதான் அது, மனுதாரரைப் பார்க்கும் பார்வை.

“சார், ரெண்டு அணுவும் பூஜ்யம்னா அதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டீராய்டு. நீங்க ஏதாவது சாப்பிடுறீங்களா?”

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றேன். சர்க்கரை புதிதாக ஏறியிருக்கிறதே, ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறதே, முகம் எப்போதும் இப்படி உருண்டையாகவா இருக்கும் என்று கேட்டார். ராஜாத்தி முந்திக்கொண்டாள்.

“இல்ல டாக்டரம்மா. ஆபீசுல இருந்தப்ப வத்திப்போய்க் கெடந்தாரு. இப்பத்தான் கன்னமெல்லாம் தெளிஞ்சு வர்றாரு.”

மருத்துவர் என் பதிவேட்டைக் கேட்டார். அதை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர்தான். விரலை வரி வரியாக நகர்த்திப் படித்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைசிப் பக்கம் முடிந்ததும் கேட்டார்.

“காத்து அடிக்கிற திசைக்குக்கூடக் கட்டம் போட்டிருக்கீங்க. மாத்திரைக்கு ஏன் சார் கட்டம் இல்ல?”

என்ன மாத்திரை என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். காபியோடு உள்ளே போவது காபியின் பகுதி என்றுதான் என் மூளையில் பதிவாகியிருந்தது. ராஜாத்தி கைப்பையைத் திறந்து, மடிந்து கசங்கிய காகிதக் கவரை எடுத்தாள். அதில் பெயர் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை. பெயர்ச்சீட்டு இல்லாத குழாயை ஏற்க மறுத்தவன், பெயர் இல்லாத கவரிலிருந்து தினமும் விழுங்கியிருக்கிறேன்.

மஞ்சள், அரிப்புக்கு. இளஞ்சிவப்பு, வயிற்றுக்கு. வெள்ளைப் பொடிசு, ஸ்டீராய்டு. மருத்துவர் கடைக்குப் போன் போட்டு உறுதிசெய்துகொண்டார். அது எந்தத் தடிப்பையும் ஒரு நாள், ஒன்றரை நாள் அமுக்கி வைக்கும். நின்றால் தடிப்பு திரும்ப எழும்பும். வியாழன் காலை மலையேறியவனுக்கு வெள்ளி மாலை ஏன் எழும்பியது என்பதும், ராஜாத்தி பையைத் தூக்கிக்கொண்டு போன மூன்றாம் நாள் அடுப்படியில் ஏன் உதடு வீங்கியது என்பதும் அந்தப் பொடிசுக்குள் இருந்தன. நான் நான்கு மாதம் அளந்தது ஸ்டோரின் விஷத்தை அல்ல. மாத்திரை போட்ட நாளையும் போடாத நாளையும்.

இவ்வளவு தெரிந்தபின் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? கவரை முதலில் கொண்டுவந்தவன் சன்னாசி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மருத்துவர் போனதும் ராஜாத்தியிடம் சொன்னேன், இப்போது மனுவின் இரண்டாம் பாகத்தை எழுதலாம் என்று. அவள் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“எழுதுங்க. எங்க தம்பி வாங்குனது ஒரே ஒரு கவரு. மத்த அம்புட்டையும் வாங்கி ஒங்க கையில வச்சவ நானு. மொதப் பேரா எம்பேரப் போடுங்க. தாலுக்கா ஆபீசுக்காரர் பொஞ்சாதின்னு எழுத மறந்துறாதீக.”

அன்று துண்டு என் முதுகுக்கு வரவில்லை. நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். முதுகு எட்டவில்லை.

ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து. அளவைக் குறைத்துக் குறைத்து ஆறு வாரத்தில் நிறுத்தச் சொன்னார் மருத்துவர். அணுக்களின் எண்ணிக்கையை அதன்பிறகு மறுபடி பார்க்க வேண்டும். ஐஜிஇ குறைவும் ஆன்டி டிபிஓ கூடுதலும் அந்த மாத்திரையால் வந்தவையாகத் தெரியவில்லை என்றார். ஆனால் அவை அடையாளம்தான், தீர்ப்பு இல்லை. ஒரு தோல் சோதனை இருக்கிறது, அதையும் செய்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். தீர்ப்பு இல்லை என்று அவர் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஊருக்கு வந்து புதுப் பதிவேடு போட்டேன், மாத்திரைக்குக் கட்டம் வைத்து. வெள்ளைப் பொடிசு குறையக் குறைய, தடிப்பு வீட்டிலேயே வந்தது. மதுரை ரயிலில் வந்தது. முடிவெட்டும் கடையில், கழுத்தில் துணி கட்டிய இடத்தில் மாலைபோல் வந்தது. மலைப் பக்கம் நான் தலைவைத்தே படுக்கவில்லை. சந்தேகம் என்ற கட்டத்தில் எழுதப் பேனா எடுப்பேன், வைத்துவிடுவேன். ராஜாத்தியின் சேலையில் ஒட்டிவந்த தூசி என்று ஒரு நாள் எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இனி ஒரு மாதத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போவதில்லை, அப்போதும் வந்தால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டாள். போகவும் இல்லை. வந்தது.

சோதனைக்கு மூன்று நாள் முன்பே அரிப்பு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று நாளை விவரிக்க மாட்டேன். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம், படுத்தால் படுத்த இடம்.

சோதனை எளிது. என் கையிலிருந்து ரத்தம் எடுத்து உறையவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு துளியை என் முன்கைத் தோலுக்குள்ளேயே ஊசியால் வைக்கிறார்கள். பக்கத்தில் வெறும் உப்புநீர் ஒன்று. இன்னும் தள்ளி, கட்டாயம் தடிக்கக்கூடிய ஹிஸ்டமின் ஒன்று, தோல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. அரை மணி நேரம் கழித்து அளக்கிறார்கள். எந்தப் புள்ளி எது என்று எனக்குச் சொல்லக்கூடாது, அளப்பவருக்கும் சொல்லக்கூடாது, தாளில் எழுதி மடித்து மேசையில் வைக்கவேண்டும் என்றேன். பழைய செவிலியர்தான். இம்முறை அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குழாயில் சீட்டை முதலிலேயே ஒட்டியிருந்தார்.

அரை மணி நேரம் மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் நானும் ராஜாத்தியும். மேல் புள்ளி உடனே கொழுத்தது. கீழ்ப் புள்ளி அப்படியே கிடந்தது. நடுப் புள்ளி பத்து நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. நான் லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு அது மெல்லச் சிவந்து, விளிம்பு கட்டி, ஒரு பொத்தான் அளவுக்கு எழுந்து நின்றது. ஸ்டோரில் அரித்த அதே அரிப்பு.

மருத்துவர் அளந்தபின் தாளைப் பிரித்தார்கள். நடுவில் இருந்தது என்னுடையது. ரத்த எண்ணிக்கையும் வந்தது. வெள்ளைப் பொடிசை நிறுத்திய பிறகும் அந்த அணுக்கள் ஏறக்குறைய இல்லைதான்.

எல்லாம் ஒரே பக்கம் சுட்டுகிறது என்றார் மருத்துவர். அரிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடங்காவிட்டால் மாதம் ஒரு ஊசி இருக்கிறது, இந்த வகைக்கு அது மெதுவாகத்தான் கேட்கும், சிலருக்குக் கேட்காமலும் போகும், அப்போது வேறு மருந்து என்றார். பல வருடம் இருந்துவிட்டுத் தானாகவே போய்விடவும் கூடும். அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. ஆய்வுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

மனுவை வாபஸ் வாங்குவது ஒரு தாள் வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். மனுப் பிரிவில் இருந்தவனுக்குத் தெரியும், வாபஸ் வாங்கிய மனுவைத்தான் அதிகாரி முதலில் கையில் எடுப்பார். ஆளை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும். என் வாபஸ் கடிதம் சன்னாசியின் ஸ்டோருக்கு நானே வைக்கும் இரண்டாவது வேட்டு ஆகலாம்.

இருந்தாலும் போனேன். ரத்த அறிக்கைகள், தோல் சோதனை அளவு, இரண்டு பதிவேடு எல்லாம் இணைத்து. ஆய்வு அலுவலர் நடுத்தர வயதுக்காரர். கடிதத்தைப் படித்தார், என்னைப் படித்தார்.

“எத்தன கிலோ குடுத்தாரு ஒங்க மச்சினரு?”

நான் சட்டைக் கையை மடக்கிக் காட்டினேன். நல்லவேளை, அன்று அவர் மேசையோரத்தில் கை அழுந்திய இடமே தடித்திருந்தது. அவர் அறையில் ஏலக்காய் இல்லை. பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஆய்வு நடக்கும், நீங்கள் வேண்டுமானால் வரலாம் என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அதைச் சொல்லத்தான் சன்னாசி வீட்டுக்குப் போனேன், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ராஜாத்தி முன்னால் நடக்க, நான் பின்னால். வாபஸ் கடிதத்தின் நகலை நீட்டினேன். வாங்கி முன்பக்கம் பார்த்தான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“இதுல என்ன வச்சிருக்கீக மச்சான்?”

ஒன்றும் இல்லை என்றேன். என் ரத்தம்தான் குற்றவாளி என்றேன். அவன் நம்பவில்லை. நம்பும்படி நான் இதுவரை எதுவும் செய்திருக்கவில்லை. மன்னித்துவிடு மாப்ளே என்று சொல்ல வாயெடுத்தேன், வேறு வார்த்தை வந்தது. மாதிரி எடுப்பவர்கள் அவசரத்தில் எடுப்பார்கள், சீட்டு ஒட்டாமல் பொட்டலம் கட்டுவார்கள், மருந்து வைக்கும் அறைக்குப் பக்கத்தில் வைத்தே கட்டுவார்கள், அப்படிக் கட்டினால் எந்தக் காயிலும் எதுவும் வரும் என்றேன்.

அவன் தாளை நாலாக மடித்தான். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“அப்ப அன்னைக்கி வந்து நில்லுங்க. வெரசா வந்துருங்க. ஒங்க அளவுக்குச் சந்தேகப்பட இங்க ஆளில்ல.”

ஆய்வன்று காலை ஜீப்பில் ஏறினேன். துண்டு தோளிலேயே இருந்தது. ஸ்டோரில் அலுவலரும் உதவியாளரும் வந்து சேர்ந்ததும், முதலில் சீட்டு, பிறகு காய் என்றேன். மாதிரியை ஒரே மூட்டையின் மேல்வாயிலிருந்து அள்ளப் போனார் உதவியாளர். ஒவ்வொரு மூட்டையிலும் அடி, நடு, மேல் என்று எடுக்க வைத்தேன். எடுக்கும் கையைக் கழுவ வைத்தேன். பொட்டலத்தை மருந்து அறையிலிருந்து தள்ளி, வெளியே கல்மேடையில் வைத்துக் கட்ட வைத்தேன். நாலு பங்கு, நாலு முத்திரை. அலுவலருக்கு என்மேல் எரிச்சல் வந்தது. எங்கள் பக்கம் நிற்கிறீர்களா, அவர் பக்கம் நிற்கிறீர்களா என்று கேட்டார். படிவத்தின் பக்கம் என்றேன். எல்லாம் சரியாக இருந்ததால் ஸ்டோரை மூடிவைக்க அவருக்கு முகாந்திரம் கிடைக்கவில்லை. சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். காய் உலர்த்தும் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

அவர்கள் இறங்கிப் போனதும் ராஜாத்தி தேநீர் கொண்டுவந்தாள். ஏலக்காய் தட்டிப் போட்டது. பல மாதமாக நான் தொடாத தேநீர். குடித்தேன். சன்னாசி எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அதையேதான் பார்த்தேன். கால் மணி நேரம், அரை மணி நேரம். தோல் சும்மா கிடந்தது.

“வெள்ளிக்கெழம தடிப்பு எந்திரிச்சா யார் மேல மச்சான் மனு?” என்றான்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. தடை செய்த எதுவும் இல்லை. அந்தக் கூடத்தைப் பற்றியும் விசாரிக்கலாம் என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியதை ராஜாத்தியிடம் சொல்லவில்லை.

தடிப்பு வெள்ளிக்கிழமை எழவில்லை. அடுத்த செவ்வாய் காலையில், வீட்டில், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, இடது முழங்கைக்கு மேல் மூன்று எழுந்தன. பதிவேட்டை எடுத்தேன். இடம்: வீடு. மாத்திரை: முந்தின இரவு எட்டு மணி, பெயர் அச்சிட்ட அட்டையிலிருந்து. காற்று: மலைப்பக்கமிருந்து. கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. காலியாக விட்டுவிடலாம்தான். ஆனால் காலிக் கட்டத்தோடு ஒரு தாளும் என் கையைத் தாண்டிப் போனதில்லை. என் பெயரை எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டேன்.